பழைய அம்பாசடரை வீட்டில் மீட்டெடுத்தல்: வேலைகளின் வரிசை

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957-இல் தயாரிக்கத் தொடங்கி 2014 மே மாதத்தில் நிறுத்திய அம்பாசடர் கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றியது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்களும் முன்பக்க கிரில்லும் மாறினாலும் அடிப்படைக் கூடு பெரும்பாலும் அப்படியே நீடித்ததால், ஓர் ஆண்டின் காருக்குரிய கதவோ கமான் பட்டையோ வேறோர் ஆண்டின் காரில் பொருந்திவிடும் வாய்ப்பு அதிகம். அரசு அலுவலகங்களிலும் வாடகைக் கார் நிலையங்களிலும் நெடுங்காலம் ஓடிய வண்டி என்பதால் உதிரிபாகங்களும், அவற்றைக் கையாளத் தெரிந்த பழைய மெக்கானிக்குகளும் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் இன்னும் கிடைக்கிறார்கள். கணினி இல்லாத, கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலான பழுதுகளைக் கண்டறியக்கூடிய இந்தக் கார், வீட்டு முற்றத்தில் ஓய்வுநேர வேலையாக மீட்டெடுப்பதற்கு ஏற்றது என்பதற்கு இவையே காரணங்கள்.

ஆயினும் ஆர்வத்தோடு தொடங்கப்பட்ட பல கார்கள் பாதியில் நின்று, பெட்டிகளில் அடைத்த பாகங்களோடு எடைக்குப் போய்ச் சேர்கின்றன. திறமைக் குறைவு இதற்குக் காரணமாவது அரிது. வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதே பெரும்பாலும் காரணமாகிறது. முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது, அல்லது முதலில் பெயிண்ட் அடித்துவிடுவது என்ற இரண்டு ஆசைகளும் சம அளவில் கேடு விளைவிப்பவை. இந்த அத்தியாயம் வலியுறுத்தும் வரிசை இது: ஆவணம், கூட்டின் துரு, பிரேக், எஞ்சின், மின்கம்பிகள், அவற்றுக்குப் பிறகே புறத்தோற்றம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கார் தன் நான்கு சக்கரங்களில் நின்று உருளும் நிலையில் இருக்க வேண்டும் என்பது இவ்வரிசையோடு சேர்ந்த விதி. உருளாத கார் இடத்தை அடைத்துக்கொள்கிறது, வீட்டாரின் பொறுமையைத் தீர்க்கிறது, வேறு இடத்துக்கு எடுத்துச் செல்வதற்கும் கிரேன் கேட்கிறது.

ஆவணமும் கூடும்

காரைப் பார்க்கச் செல்பவர் பானட்டைத் திறப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைப் பார்ப்பது நல்லது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்த வேண்டும். பதிவுப் புதுப்பிப்பின்போது எண்ணின் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்ட் கேட்கப்படுவதால், துருவால் அரிக்கப்பட்ட எண் பின்னாளில் பெரும் தலைவலியாகும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்ட அம்பாசடர்கள் ஏராளம் என்பதால், எரிபொருள் வகை ஆவணத்தில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் மாற்றம் உரிய அனுமதியோடு நடந்து ஆர்.சி.யில் ஏறியிருக்கவில்லை என்றால், அந்தக் கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கத்தக்கது.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிக நோக்கில் ஓடாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. இவ்வகையில் பதிவாகும் வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படுகிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணமும் 10 ஆண்டுச் செல்லுபடியும் வகுக்கப்பட்டன. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கூட்டிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் செய்யப்படாமல் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம் என்பது மற்றொன்று. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வெளியே செல்லக் கார் வேண்டும் என்பவருக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அவர் வழக்கமான பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆவணம் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது கூடு. அம்பாசடர், தனிச் சட்டத்தின் மேல் உடல் பொருத்தப்பட்ட கார் அன்று. தளத்தகடு, பக்கச்சுவர், கூரை ஆகிய அனைத்தும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டுத் தாமே சுமையைத் தாங்கும் ஒற்றைக்கூட்டு அமைப்பு அதனுடையது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற தனிச்சட்டக் காரில் உடல்தகடு அரித்துப்போனாலும் சட்டம் நிற்கும். அம்பாசடரில் தகடு அரித்தால் எலும்பே அரித்ததாகப் பொருள். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் உள்ளீடற்ற பெட்டிவடிவப் பகுதியான ‘சில்’, முன் இருக்கைகளுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டம், பின் கமான் பட்டைகள் தொங்கும் இடங்கள், டிக்கியின் தளம், முன் மட்கார்டுகளின் கீழ்விளிம்பு ஆகியவையே துரு முதலில் குடியேறும் இடங்கள். இவற்றுள் குறுக்குச் சட்டம் தனிக்கவனத்துக்கு உரியது. இந்தக் காரின் முன்சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் அன்று, முறுக்கப்படும்போது எதிர்விசை தரும் நீண்ட எஃகுத் தண்டு. ‘டார்ஷன் பார்’ எனப்படும் அத்தண்டின் பின்முனை காரின் அடித்தளத்தில்தான் பற்றிக்கொண்டிருக்கிறது. பற்றுமிடம் இற்றுப்போனால் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும், மோசமான நிலையில் ஓட்டத்திலேயே கைவிடும்.

மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தமும் மழுங்கிய ஸ்க்ரூடிரைவரும் இந்தச் சோதனைக்குப் போதும். தகட்டுக்குப் பதிலாகப் பட்டி நிரப்பப்பட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது. அடிப்பகுதியில் கருப்புத் தார்ப்பூச்சு தடித்திருக்கும் இடங்களில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே இற்ற தகடு நொறுங்கும் ஓசை கேட்கும். புத்தம்புதிய பெயிண்டோடு விற்பனைக்கு வரும் காரைவிட, நிறம் மங்கி உள்ளதை உள்ளபடி காட்டும் காரே வாங்குபவருக்கு நேர்மையான பேரம். புகைக்கும் எஞ்சினை லேத் பட்டறையில் சீராக்கிவிடலாம். இற்ற கூட்டைச் சீராக்க ஆகும் காலமும் செலவும் முன்கூட்டிக் கணிக்க முடியாதவை. மீட்டெடுத்த அம்பாசடரின் சந்தை விலை, அதற்கான செலவை ஈடுகட்டும் என்ற நம்பிக்கையில் இந்த வேலையில் இறங்குவோர் தொடங்காமலிருப்பதே மேல்.

இடமும் கருவியும்

காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், அகலம் 1.65 மீட்டர், நான்கு கதவுகளும் முழுதாகத் திறந்து, ஒருவர் சுற்றிவந்து குனிந்து வேலை செய்ய இதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு பரப்பு வேண்டும். தரை சமமான கான்கிரீட்டாக இருப்பது கட்டாயம். ஜாக்கி என்பது காரைத் தூக்குவதற்கான கருவி மட்டுமே, தாங்குவதற்கானது அன்று என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 1,100 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியின் அடியில் புகுமுன் கூட்டின் உறுதியான இடங்களில் இரும்பு ஆக்சில் ஸ்டாண்டுகளை நிறுத்த வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல், அடுக்கிய பலகை ஆகியவை எச்சரிக்கையின்றி நொறுங்கிச் சரியக்கூடியவை.

பி.எம்.சி. ‘பி’ வரிசை எனப்படும் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட கார்களில் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவுடையவை. பின்னர் வந்த இசுஸு எஞ்சின் மில்லிமீட்டர் அளவுடையது. இது அற்பமான செய்தியாகத் தோன்றினாலும் பாதி அம்பாசடர்களின் போல்ட் தலைகள் வட்டமாகத் தேய்ந்திருப்பதற்கு இதுவே காரணம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 எண் ஸ்பேனரைப் போட்டால் அது நுழையும், சுற்றும், இறுகிய போல்ட்டில் வழுக்கி முனைகளை மழுக்கும். 3/4 அங்குலத்துக்கு 19 எண் கச்சிதமாகப் பொருந்துவது தற்செயல். எனவே 7/16, 1/2, 9/16, 5/8 அங்குல ரிங் ஸ்பேனர்களை வாங்கிவிடுவதே சிக்கனம்; சென்னைவாசிகளுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டின் கடைகளும், பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் அருகிலேயே இருக்கின்றன.

கழற்றும் வேலையில் ஒழுங்கு ஒன்றே உழைப்பை மிச்சப்படுத்துகிறது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைபேசியில் படமெடுத்து, போல்ட்டுகளை அவை வந்த துளையிலேயே இரண்டு சுற்று திருகிவைத்து, அது முடியாதபோது எழுதி ஒட்டிய பைகளில் போட்டால், மாதங்கள் கழித்தும் தடுமாற்றம் வராது. தேய்ந்த பாகத்தைப் புதியது கைக்கு வந்து, ஒப்பிட்டுப் பார்க்கும்வரை எறியக் கூடாது; கடைக்காரர் தரும் ‘அதே பாகம்’ பல வேளைகளில் வேறு மார்க் காருக்கு உரியது.

துரு

இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு பிறக்கிறது. உப்பு அந்த வேலையைப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய காரையும் கோயம்புத்தூரில் ஓடிய காரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்கூடு. துருவின் தன்மையை அறிந்தால் அதற்கு எதிரான வேலையும் தெளிவாகும்: மேற்பரப்பில் மட்டும் படிந்த செந்துருவைச் சுரண்டி எடுத்துவிடலாம், குழிகுழியாக உண்ட துருவை வேதிப்பொருளால் நிறுத்தலாம், ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டையின் மேல் ஃபைபர் துணியும் பட்டியும் பூசுவது அழிவை மறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையதால் அது மறைத்த இடத்திலேயே துரு இன்னும் வேகமாகப் பரவுகிறது.

குழித்துருவுக்குப் பயன்படும் துருமாற்றிகளில் பெரும்பாலானவை பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்டவை. உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் முழுதும் நீக்கிய பிறகு பூசினால், எஞ்சிய மெல்லிய துருப்படலத்தோடு அவை வினைபுரிந்து, கருமையான, எளிதில் வினைபுரியாத சேர்மமாக மாற்றுகின்றன. உதிரும் துருவின் மேலேயே பூசினால் பயனில்லை. தாங்கி, கைப்பிடி, பிராக்கெட் போன்ற சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை சிறந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, துருப்பிடித்த பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து மூழ்கவைத்தால், ஓரிரவில் துரு தளர்ந்து கருஞ்சேறாகக் கழன்றுவிடும். நல்ல இரும்பு சிறிதும் கரைவதில்லை என்பது அமிலத்தில் ஊறவைப்பதைவிட இதற்குள்ள மேன்மை. இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் தகட்டை வைக்கக் கூடாது, ஏனெனில் அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கலந்துவிடும்.

தகடு மாற்றும் வேலையை வீட்டில் செய்வதா, டிங்கரிங் பட்டறைக்குக் கொடுப்பதா என்பது வெல்டிங் பழக்கத்தைப் பொறுத்தது. மெல்லிய கார்த்தகட்டுக்கு மின்குச்சி வெல்டிங் பொருந்தாது. அது ஓட்டையை அடைப்பதற்குப் பதில் பெரிதாக்கும். பழைய டிங்கர்கள் கேஸ் வெல்டிங்கில் வல்லவர்கள். ஆனால் அதன் வெப்பம் பரவலாகப் பாய்ந்து தகட்டை நெளியச் செய்யும் என்பதால், காற்றுத் தடுப்பு வாயுவோடு மெல்லிய கம்பியை ஊட்டிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங் இன்று சிறந்த தேர்வு. வெளித்தகட்டுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர் தகடும், சுமை தாங்கும் இடங்களுக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தகடும் பொதுவாகப் பயன்படுகின்றன. நீண்ட கோடாக ஒரே மூச்சில் பற்றவைக்காமல், ஒன்றுக்கொன்று தொலைவில் புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பிறகு இடைவெளிகளை நிரப்புவதே நெளிவைத் தவிர்க்கும் வழி.

சில் பகுதியை வெட்டுவது இந்த அத்தியாயத்திலேயே மிக ஆபத்தான வேலை. ஒற்றைக்கூட்டுக் காரில் கதவுத் துவாரங்களுக்குக் கீழே சுமை தாங்கும் உறுப்பு அது ஒன்றே. தாங்கல் இல்லாமல் அதை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, புதுச் சில்லைப் பற்றவைத்த பிறகு கதவுகள் மூடாமல் போகும், அந்த நிலையைத் திருத்துவது ஏறக்குறைய இயலாது. ஆகவே வெட்டுமுன் காரைச் சமதரையில் இருமுனைகளிலும் நடுவிலும் தாங்க வேண்டும். ஒவ்வொரு கதவுத் துவாரத்துக்குள்ளும் மூலைக்கு மூலை இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அளந்து எழுதிவைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் முடித்து, கதவுகளைப் பொருத்தி, இடைவெளிகளைச் சரிபார்த்த பிறகே மறுபக்கத்தைத் தொடலாம். பற்றவைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் டேங்க்கைக் காரிலிருந்தே அகற்றுவதும், அருகில் தீயணைப்பானை வைப்பதும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை. காலியான டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது, ஏனெனில் உள்ளே எஞ்சிய ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும் விகிதத்தில் இருக்கும். அதை வீட்டில் ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது.

வேலை முடிந்த பெட்டிப் பகுதிகளின் உட்புறம் வெறுமையாக விடப்பட்டால் துரு உள்ளிருந்து மீண்டும் தொடங்கும். உருகிய மெழுகும் எண்ணெயும் கலந்த உட்பூச்சை நீண்ட குழாயால் உள்ளே தெளித்து, நீர் வடிவதற்காகத் தொழிற்சாலையிலேயே விடப்பட்ட துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பல கார்களில் சில் இற்றுப்போனதற்கு, யாரோ ஒருவர் அக்கறையோடு அடித்த தார்ப்பூச்சு அந்தத் துளைகளை அடைத்ததே காரணம்.

பிரேக்

எஞ்சினை உயிர்ப்பிக்கும் ஆவல் இந்தக் கட்டத்தில் கட்டுக்கடங்காது. ஆயினும் ஓடத் தொடங்கும் காருக்கு நிற்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் பிரேக்குக்கே முன்னுரிமை. பழைய அம்பாசடர்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், அவற்றுக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே திரவச் சுற்று. எங்கேனும் ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். நெடுநாள் நின்ற காரில் பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சிலிண்டர்களின் உட்சுவரில் குழித்துருவை உண்டாக்கியிருக்கும். குழி விழுந்த சிலிண்டரில் ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மீண்டும் ஒழுகும். அதனால் சக்கரச் சிலிண்டர்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் புதியனவாக மாற்றுவது, அல்லது உட்சுவரில் எவர்சில்வர் உறையிட்டுத் தரும் பட்டறையில் கொடுப்பது பொருத்தம்.

இரும்புக் குழாய்களை மாற்றும்போது தாமிர-நிக்கல் கலப்புக் குழாய் வளைக்க எளிது, துருப்பிடிக்காது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பயன்படும் தூய தாமிரக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும் என்பதால் அது மலிவாகக் கிடைத்தாலும் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல், நீரில் நனைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். பட்டறைகளில் ஏர் கன்னால் ஊதும் வழக்கம் நுரையீரலுக்குச் செய்யும் தீங்கு உடனே தெரிவதில்லை. வழக்கில் ‘பிரேக் ஆயில்’ என்று சொல்லப்பட்டாலும் அது எண்ணெய் அன்று. எஞ்சின் ஆயில் சிறிதளவு கலந்தாலும் ரப்பர்கள் ஊதிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். காற்றை வெளியேற்றும் வேலையை மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பது மரபு. பெடல் கல்லைப்போல் கெட்டியாக நின்று, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் தாழாமல் இருந்தால் வேலை நன்றாக முடிந்தது.

எஞ்சின்

ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் புது பேட்டரியை மாட்டிச் செல்ஃப் அடிப்பது, அதைக் கெடுப்பதற்கான குறுக்குவழி. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். வால்வுகள் தம் குழாய்களில் இறுகியிருக்கலாம். அந்நிலையில் வலிந்து சுற்றினால் ரிங் உடையும், புஷ்ராடு வளையும். எனவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, சில நாள் ஊறவிட்ட பிறகு, காரின் முன்புறம் நுழைத்துச் சுற்றும் ஹேண்டிலால் கையாலேயே மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகச் சிறிது அசைந்தால் போதும், நாளுக்கு நாள் அது கூடும். ஹேண்டில் போட இடமுள்ள எஞ்சின் என்பது மீட்டெடுப்பவருக்குப் பெரிய வரம். பின்னாளைய கார்களில் அது இல்லை.

தடையின்றிச் சுற்றும் எஞ்சினில் பழைய ஆயிலை வடித்து, சம்ப் எனப்படும் அடித்தொட்டியைக் கழற்றி, உள்ளே படிந்த கருஞ்சேற்றை வழித்தெடுக்க வேண்டும். புது ஆயில் அந்தச் சேற்றைக் கரைத்துப் பம்பின் வடிகட்டிக்கு அனுப்பினால் பேரிங்குகள் ஆயிலின்றிக் காயும். பிளக்குகள் இல்லாத நிலையிலேயே எஞ்சினைச் சுற்றி, ஆயில் அழுத்தம் ஏறுவதைப் பார்த்த பிறகே பிளக்குகளை மாட்டலாம். அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் கேஜால் அளக்க வேண்டும். எண்ணின் அளவைவிட நான்கும் ஒன்றையொன்று ஒத்திருப்பதே முக்கியம்; ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். அமுக்கம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு ஒழுகுகிறது.

ரிங் தேய்ந்து புகைக்கும் எஞ்சினை லேத் பட்டறையில் போர் செய்ய வேண்டியிருக்கும். சிலிண்டரைச் சிறிது அகலமாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் பொருத்துவதே போரிங். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்ற ஓவர்சைஸ் வரிசையில் பிஸ்டன்கள் வரும். பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே சிலிண்டரைக் கடையச் சொல்ல வேண்டும். கடைந்த பிறகு பிஸ்டன் தேடுவோர் கடைசியில் அடுத்த சைஸுக்குத் தள்ளப்படுகிறார்கள். 

இந்தியாவில் 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையில் இல்லை. ஈயம், வால்வுக்கும் அது அமரும் இருக்கைக்கும் இடையே ஒரு மெத்தையாகச் செயல்பட்டு வந்தது. ‘பி’ வரிசை எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது, வால்வு இருக்கைகள் அந்த வார்ப்பிலேயே கடையப்பட்டவை. ஈயமில்லாப் பெட்ரோலில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் இருக்கைகள் உட்குழிந்து வால்வு இடைவெளி தொடர்ந்து சுருங்கும். ஹெட்டைக் கழற்றியிருக்கும் வேளையில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின எஃகு இருக்கைகளைப் பதித்துவிடுவது நீண்ட காலத் தீர்வு. பிரீமியர் பத்மினியின் அலுமினிய ஹெட்டில் இருக்கைகள் தொடக்கத்திலேயே தனியாகப் பதிக்கப்பட்டவை என்பதால் அக்காருக்கு இந்தக் கவலை குறைவு.

இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் வேறொரு சிக்கல். 20 விழுக்காடு வரை எத்தனால் உள்ள இ20 பெட்ரோல், பழைய காரின் ரப்பர் குழாய்களையும், பம்ப்பின் டயாஃப்ரத்தையும் ஊதவும் வெடிக்கவும் செய்கிறது. ஈரத்தை ஈர்த்துக்கொள்வதால் நின்றிருக்கும் காரின் டேங்க்கிலும் கார்ப்பரேட்டரிலும் துரு, வெண்படலம் ஆகியவை தோன்றுகின்றன. எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகை ரப்பர் குழாய்களுக்கு மாறுவதும், ஒரு மாதத்துக்கு மேல் கார் நிற்கப்போகிறதென்றால் கார்ப்பரேட்டரை வடித்துவிடுவதும் இப்போது கட்டாயமாகிவிட்டன. சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே பெட்ரோல் குழாய் ஓடும் கார்களில் இந்தச் செலவைத் தள்ளிப்போடுவது தீவிபத்தை அழைப்பதாகும்.

குளிர்விக்கும் அமைப்பில் வெறும் குழாய்நீரை ஊற்றும் வழக்கமே பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள தகட்டு மூடிகளை உள்ளிருந்து அரித்துவிடுகிறது. அவற்றை எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றி, துருத்தடுப்புள்ள கூலண்டை ஊற்ற வேண்டும்; எஞ்சின் பொருத்திய பிறகு பின்பக்க மூடி ஒழுகத் தொடங்கினால் கியர்பாக்ஸையும் சேர்த்து இறக்க நேரிடும்.

மின்கம்பிகள்

பழைய காரின் ஒயரிங்கில் பத்து பேர் கைவைத்திருப்பார்கள். டேப் சுற்றிய முடிச்சுகள் பல இருக்கும், ஃபியூஸ் மிகச் சில இருக்கும். பிரிட்டிஷ் வழிவந்த கார்களில் லூகாஸ் நிறக்குறி பின்பற்றப்பட்டது: பழுப்பு நேரடி பேட்டரி மின்சாரம், வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃபியூஸ் வழியாகச் செல்வது, கருப்பு எர்த். இந்த நிறங்களைக் கடைப்பிடித்துப் புதிய ஹார்னெஸ் ஒன்றைக் கட்டுவது, பழையதை ஒட்டுப்போடுவதைவிட விரைவில் முடியும். ஹெட்லைட்டின் மின்னோட்டம் சுவிட்ச் வழியாகவே சென்றுவந்ததால் சுவிட்ச் சூடாகி வெளிச்சம் மங்கும். ஒரு ரிலேயைச் சேர்த்தால் இரண்டும் தீரும், வெளித்தோற்றமும் மாறாது. மங்கிய விளக்கு, திணறும் செல்ஃப், துடிக்கும் மீட்டர் ஆகிய பாதிப் பழுதுகளுக்கு எர்த் இணைப்பில் படிந்த துருவே காரணம். உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் தகடு தெரிந்த பிறகு இறுக்கினால் போதும்.

ஓட்டமும் பெயிண்டும்

கூடு, பிரேக், எஞ்சின், ஒயரிங் ஆகியவை முடிந்த கார் அழகற்றதாக, செந்நிற ரெட் ஆக்சைடு திட்டுகளோடு இருக்கும். இந்நிலையிலேயே பதிவு, காப்பீடு ஆகியவற்றை முடித்து, குறைந்தது சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட வேண்டும் என்பது இந்த நூலின் பரிந்துரை. டயர்களின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கக் குறியின் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்; பூ தேயாத டயரானாலும் பல ஆண்டு முதிர்ந்தது என்றால் மாற்றிவிட வேண்டும். போர் செய்த எஞ்சினை அதிகச் சுமையோ ஒரே வேகமோ இல்லாமல் ஓட்டி, முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மாற்றி, எஞ்சின் கையேட்டில் உள்ள வரிசையில் ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஒழுகல், ஆட்டம், ஓசை ஆகிய குறைகள் வெளிப்படுவது இந்த ஓட்டத்தில்தான். அப்போது ஸ்பேனர் வழுக்கினாலும் கீறப்படுவது ரெட் ஆக்சைடு மட்டுமே.

பெயிண்டுக்கான காலத்தையும் கருத வேண்டும். பழைய முறையிலான என்.சி. பெயிண்ட், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், விரைவில் உலரும், சிறு கம்ப்ரஸரால் வீட்டிலேயே அடிக்கலாம். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, அதன்மேல் ஈரம் படிந்து, பூச்சு வெளிறிய பால்நிறமாகிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் இந்த வேலையைத் தள்ளிவைப்பதே நல்லது. பளபளப்பிலும் உழைப்பிலும் மேம்பட்ட பி.யு. பெயிண்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உள்ளது. அதன் தூவலைச் சுவாசிப்போருக்கு நீங்காத ஆஸ்துமா வரக்கூடும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. புதுக்காற்று ஊட்டும் கவசமும் காற்றிழுப்பு அறையும் உள்ள பட்டறைக்கு அந்த வேலையை விடுவதே முறை. தேய்ப்பு, பட்டி, பிரைமர் வரையிலான வேலைகளை வீட்டில் முடித்துக்கொடுத்தால் கூலியில் பெரும்பகுதி மிஞ்சும். பட்டி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிக்குமானால் தகட்டை மீண்டும் சுத்தியலால் சமப்படுத்த வேண்டும் என்று பொருள்.

நிறத்தை மாற்ற விரும்புவோர் அந்த மாற்றத்தை ஆர்.சி.யில் பதிவுசெய்ய வேண்டும். டிக்கி விரிப்பின் அடியிலோ டேஷ்போர்டின் பின்னாலோ தொழிற்சாலை நிறத்தின் எச்சம் பெரும்பாலும் மறைந்திருக்கும்; அந்த நிறத்துக்கே திரும்புவது காருக்கும் ஆவணத்துக்கும் பொருத்தம். நோவா காரில் மார்க் 2-இன் கட்டமிட்ட கிரில்லைப் பொருத்தி வயதைக் கூட்டிக்காட்டும் போக்கு, பிற்காலக் காரை ஐம்பது ஆண்டுக் காராக ஆக்கிவிடுவதில்லை. பம்பர், கைப்பிடி ஆகியவற்றின் குரோம் பூச்சு அமிலங்களும் நச்சுப்பொருள்களும் தேவைப்படும் தொழில் என்பதால் பிளேட்டிங் கடைக்கே உரியது. மெருகிடும்போது எழுத்துகளும் விளிம்புகளும் தேய்ந்துபோகாமல் இருக்க, முதலில் தாமிரப் பூச்சிட்டுக் குழிகளை நிரப்பச் சொல்லி, நிக்கலும் குரோமும் அதன் மேல் வருமாறு கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடி ரப்பர்களும் கதவு ரப்பர்களும் பெயிண்ட் நன்கு இறுகிய பிறகே பொருத்தத்தக்கவை; அவற்றை மாட்டும் நாளில் இருவர் வேண்டும், முன்கண்ணாடியின் ரப்பர் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிவைத்து, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்து ரப்பரின் உதட்டை விளிம்பின் மேல் ஏற்ற வேண்டியிருக்கும்.